செசி தாங்கும்

பண்டத்தரிப்பு
12.01.2025

தம்பி லெனாட்டுக்கு,

நீ ஊருக்கு வந்த அன்றைக்கு வீட்டு வளவில் நின்றவர்கள்: நான், நீ, என் பேத்தி றெபேக்கா, வெல்டிங் கடைக் கஜானன், பழைய இரும்பு வாங்க நீ கூட்டிவந்த மயூரதன். இத்தனை பேருக்கும் முன்னால்தான் நீ சுத்தியலை எடுத்து லொறியின் செசியில் அடித்தாய். உன் அத்தான் லொறியின் முதுகெலும்பு என்று சொல்லும் அடிச்சட்டத்தில். துருவேறிக் கிடந்த இரும்பில் ஓட்டை விழுந்தது. "அக்கா, இது லொறியில்லை, கறள். ஈஸ்ரர் முடிய வந்து ஏத்தச் சொல்லிப்போட்டன்" என்று சிரித்தாய். மயூரதனும் சிரித்தான். நான் போட்ட தேத்தண்ணீர் அவன் கையில் இருந்தது.

உன்னோடு இனிக் கதைக்கமாட்டேன் என்று அங்கேயே சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. எழுத்துப் பிழைக்குச் சிரிக்காதே. உன்னைக் கல்லூரிக்கு அனுப்ப என்னை ஐந்தாம் வகுப்போடு மறித்தவர்கள். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

வீடு எனக்குச் சீதனம், லொறி உனக்கு என்று அப்பு எழுதினார். சரி. ஆனால் அதில் வெங்காயம் ஏற்றிக் கொழும்புக்கு ஓடியவர் உன் அத்தான் ஏர்னெஸ்ட். கண்ணை மூடிய மனிதர் இருந்து ஓடிய ஆசனத்தை நிறுத்து விற்க விடமாட்டேன். ஈஸ்ரருக்கு முன் லொறி தன் சக்கரத்தில் படலைக்கு வெளியே போனால் மயூரதனை மறிப்பாயா? ஓம் என்றோ இல்லை என்றோ எழுது.

அக்கா
லூர்த்தம்மா

ரொறன்ரோ
03.02.2025

அன்பின் அக்கா,

ஓம். ஆனால் இந்த வயதில் நீங்கள் அதற்குக் கீழே போக வேண்டாம்.

எனக்கு அக்கறை இல்லை என்று நினைக்கிறீர்கள். இங்கே பனிக்காலத்தில் றோட்டில் உப்புப் போடுவார்கள். அது வாகனத்தின் அடியைத் தின்றுவிடும் என்று கழுவிக்கொண்டே இருப்போம். 2014இல் நான் வந்து நின்றபோது நீங்கள் மன்னாரில் மகள் வீட்டில். அந்த மாதம் முழுக்க நானே பம்பு போட்டு லொறியின் அடியைக் கழுவினேன். அத்தான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிக் கவனித்தும் லொறி இப்படிப் போயிற்றே என்ற மனவருத்தத்தில்தான் அன்று சிரித்தேன், அக்கா.

தம்பி
லெனாட்

பண்டத்தரிப்பு
06.03.2025

தம்பி,

லொறியைப் பனங்குற்றிகளில் ஏற்றிப் பின்பெட்டியைக் கழற்றிவிட்டோம். என்ஜின் முக்கி முனகி எழும்பிவிட்டது. நான் பலகை போட்டிருந்து கம்பித் தூரிகையால் கறளைச் சுரண்டுகிறேன். கஜானன் தட்டிப் பார்க்கிறான். ணங் என்றால் இரும்பு. டொக் என்றால் வெட்டி எடுக்க வேண்டும். முன்பக்கம் நல்ல ணங். பின்பக்கம்தான் உள்ளுக்குள் உளுத்திருக்கிறது. உள்ளே கிடந்த பொருக்கு ஒன்றை நாக்கில் வைத்துவிட்டு, "ஆச்சி, உப்புக் கரிக்குது. லொறியைக் கடலுக்கை விட்டனீங்களோ?" என்று கேட்டான். அவனோடு சண்டை பிடித்தேன். அடுத்த நாள் உன் கடிதம் வந்தது.

நீ பம்பு போட்டது எங்கள் வளவுக் கிணற்றில்தானே? நீ ஊரை விட்டுப் போகும்போது அது நல்ல தண்ணீர். பிறகு உவர் ஏறிவிட்டது. நீ வந்து குடித்தது போத்தில் தண்ணீர். நுரைக்கவில்லை என்று சவர்க்காரத்தைக் குறை சொன்னாயாம். கனடா உப்புக்குப் பயந்து ஊர் உப்பை ஊற்றியிருக்கிறாய்.

மயூரதனுக்குச் சொல்லி வை. செசி தாங்கும்.

லூர்த்தம்மா

ரொறன்ரோ
24.03.2025

அக்கா,

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஒருவரும் சொல்லவில்லை. அத்தான்கூட ஒருநாள் எழும்பி வந்து குழாயைப் பிடித்துத் தந்தார். "நல்லா அடி மச்சான்" என்றார். மன்னியுங்கள்.

லெனாட்

பண்டத்தரிப்பு
21.04.2025

அன்புள்ள தம்பிக்கு,

ஈஸ்ரருக்கு முதல்நாள், பெரிய சனிக்கிழமை காலை லொறி படலைக்கு வெளியே போனது. கஜானன் ஓட்டினான். நான் பக்கத்தில் இருந்தேன்.

உளுத்ததை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு ஒட்டினோம். மிச்சக் கறளுக்கு மேலே பூசி மறைக்கலாம் என்றான் கஜானன். விடவில்லை. இரும்பு வெள்ளையாகும் வரை சுரண்டினேன். கோயில் கிணற்றில் பீப்பாவோடு நல்ல தண்ணீர் எடுத்துவந்து கழுவி, வெயிலில் காயவிட்டு, கறள் பிடிக்காத சிவப்புப் பூச்சு அடித்து, மேலே கறுப்பு அடித்தோம். பொந்துகளுக்குள் கழிவு ஒயில் விட்டோம். மாரிக்கு முன் ஏர்னெஸ்ட் வருடம் வருடம் விட்டது அதைத்தான். ஒழுங்கைப் பள்ளத்தில் லொறி குலுங்கியபோது கண்ணை மூடிக்கொண்டேன். செசி தாங்கியது. மயூரதன் சந்தியில் வாய் பார்த்து நின்றான். தேத்தண்ணீர் குடிக்கக் கூப்பிடவில்லை.

நீ தெரியாமல் ஊற்றினாய். உன்னை மன்னித்துவிட்டேன். சுத்தியலையும் மன்னித்தேன், மறக்கமாட்டேன். ஞாயிறு பூசை முடிந்து வந்திருப்பேன், போன் எடு.

ஆனால் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு வாளிகூட லொறியில் படவிடாத மனிதர் உனக்குக் குழாய் பிடித்திருக்கிறார். பிறந்த வீட்டுக் கிணறு உவராகிவிட்டது என்று சொன்னால் உனக்கு நோகும் என்று பேசாமல் இருந்திருக்கிறார். நீ பிளேன் ஏறிய பிறகு என்னிடமாவது சொல்லியிருந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவியிருப்பேன். நெஞ்சு நோவையும் எனக்கு நோகும் என்று அப்படித்தான் சொல்லாமல் வைத்திருந்தார். சொல்லியிருந்தால் அதற்கும் நான் ஏதாவது செய்திருப்பேன்.

நேற்றுச் சேமக்காலையில் அவருடைய கல்லறைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன்.

அன்புடன் அக்கா
லூர்த்தம்மா

நான் மன்னிக்காமல் வைத்திருப்பது இனி ஒருவரை மட்டும்தான். ஏர்னெஸ்ட்.