பிள்ளையைத் தாங்கிய கை

நவம்பர் 3, 1178
கரும்பாலையில் இன்று பாகு அடிபிடித்துவிட்டது. கோட்டை முழுக்கத் தீய்ந்த வாடை. எனக்கு நிறைமாதம் வேறு, சன்னலையெல்லாம் சாத்தச் சொன்னேன்.

இந்த அழகில் மூன்று மாப்பிள்ளைகள் வந்து இறங்கியிருக்கிறார்கள். எங்கள் சீமையை ஆளும் பிரபு அனுப்பியது. இரண்டாம் கணவர் காய்ச்சலில் இறந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. எல்லைக் கோட்டைக்கு ஆண் வேண்டுமாம். மூவரில் ஒருவரைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் அப்பா எனக்கு விட்டுப்போன கோட்டை கையை விட்டுப் போய்விடும். முதல் கணவரை அப்பா பார்த்தார். இரண்டாமவரைப் பிரபு பார்த்தார். இந்தத் தடவை நானே தேர்ந்தெடுக்கலாமாம். பெரிய சலுகைதான்!

ஒஸ்தோர்க் கிழவர். காது கேட்காது, சாப்பாட்டின் நடுவிலேயே தூங்கிவிடுகிறார். ஆன்சோவுக்கு எப்போதும் சிரித்த முகம். கோபெர் வந்ததும் குதிரைக்குத் தண்ணீர் கேட்டார், தனக்குக் கேட்கவில்லை.

நவம்பர் 9
நாத்தனார் பெர்னெல் ஆன்சோவைப் பற்றி விசாரித்து வந்தாள். அவன் முன்பு கட்டியதும் ஒரு விதவையைத்தான். அவளுக்கு முதல் கணவனிடம் பிறந்த மகன் இருந்தான். கல்யாணமான வருடமே பையன் மதிலிலிருந்து விழுந்து செத்தான். சொத்து ஆன்சோ கைக்கு வந்தது, சூதில் கரைந்தது.

"தானா விழுந்தானா, யாராச்சும் தள்ளிவிட்டாங்களான்னு அங்க ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கிறாங்க, அண்ணி."

என் வயிற்றில் இருப்பது ஆணாக இருந்தால்? கோட்டைக்கு அதுதானே வாரிசு. கடவுளே, பெண்ணாகக் கொடு.

நவம்பர் 14
கோபெர்தான். முடிவு செய்துவிட்டேன். மற்றவர்கள் என் வயிற்றைப் பார்த்துப் பேசுகிறார்கள். இவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். இந்த வயதில், இந்த வயிற்றோடு, எனக்கு வெட்கம் வருகிறது - எங்கே போய்ச் சொல்ல?

பெர்னெலிடம் சொன்னேன். "எனக்கு எப்பவோ தெரியும். அவர் வந்தா மட்டும் முக்காட்டச் சரி பண்றீங்களே!"

பிரசவம் ஆகட்டும். பிறகு எல்லார் முன்னாலும் சொல்கிறேன்.

நவம்பர் 19
ஆண்.

நவம்பர் 20
ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் தாங்கும் ஞானத்தந்தையாக நிற்க, பெரியம்மா மகன் அண்ணன் ஜெருசலேமிலிருந்து வர வேண்டும். மழையில் பாதை உடைந்து கிடக்கிறது. ஞானஸ்நானம் தள்ளிப் போகிறது.

பெர்னெல் காதில் ஓதினாள்: "ஆன்சோவ நிக்கச் சொல்லுங்க, அண்ணி. பிள்ளையத் தாங்குனவன் தாய்க்குக் கூடப்பொறந்தவன் முறை, சபைச் சட்டப்படி கட்டிக்க முடியாது. பீடை தொலையும்!"

சிரித்தேன். அடிவயிறு வலித்தது.

நவம்பர் 22
எழுதினால்தான் மனம் அடங்கும்.

காலையில் எதிரிகள் கரும்புக் காட்டுக்குத் தீ வைத்தார்கள். ஆட்கள் எல்லோரும் அணைக்க ஓடினார்கள். ஒஸ்தோர்க் கிழவர்கூடத் தடியை ஊன்றிக்கொண்டு போனார். அந்த நேரம் பார்த்துக் குழந்தை நீலம் பூத்தது. மருத்துவச்சி தக்லா தட்டினாள், தேய்த்தாள், பிறகு கையை எடுத்துவிட்டாள். "சாமியாரக் கூப்பிடுங்கம்மா, ஞானஸ்நானம் இல்லாமப் போயிடக் கூடாது. தாமசிக்காதீங்க."

சாமியார் தண்ணீரோடு வந்தார். "யாரு தாங்குறது? ஒரு ஆம்பள வேணும், ஹெல்விஸ் சீமாட்டி."

சாமியாரைத் தவிர, தீயணைக்கப் போகாத ஒரே ஆண் ஆன்சோ. அவனிடம் நீட்டினேன். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எனக்குச் சட்டம் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

பாவி. என் புள்ள சாகுது, இவன் சிரிக்கிறான்!

வாளி எடுக்கக் கோபெர் ஓடிவந்தார், உடம்பெல்லாம் கரி. அவராகப் பிள்ளையிடம் வரவில்லை. நான்தான் கூப்பிட்டேன். நான்தான்.

"கோபெர், பிள்ளைய வாங்கிக்கங்க."

நின்றுவிட்டார். "வாங்கினா... தெரியுமில்ல?"

"தெரியும். வாங்குங்க."

கரிக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். திபோ என்று பெயர் வைத்தார். குளிர்ந்த தண்ணீர் தலையில் பட்டதும் பிள்ளை வீறிட்டு அழுதது.

நவம்பர் 23
பால் குடிக்கிறான். தக்லா ஆனந்தத்தில் அழுகிறாள்.

சும்மா நானே ஒரு கை குளிர்ந்த தண்ணீர் தெளித்திருந்தாலே பிள்ளை அழுதிருக்குமோ? இதை நினைக்கக் கூடாது. நினைக்கிறேன்.

டிசம்பர் 2
ஆன்சோ படிக்கட்டில் வழிமறித்தான். "இனி ரெண்டே பேரு. கிழவரச் சொல்லித்தான் பாருங்களேன். இன்னும் எத்தன குளிர்காலம் தாங்குவாரு? நான் பொறுமைசாலி."

கோபெரை வரவழைத்து, என்ன செய்வது என்று கேட்டேன். பெர்னெலும் உடன் இருந்தாள்.

"கிழவரையே சொல்லுங்க. நான் திபோ கூடவே இருக்கேன். ஞானத்தகப்பன் எதுக்கு இங்க இருக்கான்னு எவனும் கேக்க முடியாது. அந்த ஆளு புள்ளகிட்ட வரட்டும், பாத்துக்கறேன்."

தரையைப் பார்த்தே பேசினார். அவர் போனதும் வாய்விட்டு அழுதேன். பெர்னெல் கதவைச் சாத்தினாள்.

ஜனவரி 8, 1179
கல்யாணம் முடிந்தது. சம்மதமா என்று சாமியார் ஒஸ்தோர்க்கின் காதில் கத்த வேண்டியிருந்தது, எல்லோரும் சிரித்தார்கள். விருந்தில் அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, "பயப்படாதம்மா" என்றார். நல்ல மனிதர். பழி சொல்ல முடியாது.

கோபெர் திபோவைத் தோளில் போட்டுக்கொண்டு வாழ்த்த வந்தார். ஆன்சோ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்தான்.

"நல்லா இரு, தங்கச்சி."

குரலில் ஒன்றுமே இல்லை. எத்தனை முறை தனியாகச் சொல்லிப் பார்த்தாரோ! நானும் ஏதாவது சொல்லியாக வேண்டுமே.

"சாப்பிட்டீங்களா, அண்ணா?" என்றேன்.