பார்ட்டிக்காவில் எடுத்த திருவுளச்சீட்டு

ஸ்காபரோ,
10.11.1985, ஞாயிறு

அன்புள்ள மாமாங்கம் அண்ணைக்கு,

நான் நலம், உங்கள் நலம் அறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனையை எடுத்தேன். நாலாம் பக்கம் வரும்போது அந்த வரி பொய்யாகிவிடும். அதனால் விட்டுவிட்டேன். கை கால் சுகம். பல்லெல்லாம் இருக்கிறது. மிச்சம் கீழே.

ஓகஸ்டில் வந்து இறங்கியவன் நவம்பரில் முதல் கடிதம் எழுதுகிறேன். கோணேஸ்வரி அக்கா தன் புருஷனுக்கு, அதாவது உங்களுக்கு, எழுதும் ஒவ்வொரு முறையும், "தம்பி, நீயும் அவருக்கு ரெண்டு வரி எழுதன்" என்பா. சோதினை இருக்கு, விரல் நோகுது, பேனையில் மை இல்லை என்று நான் தப்பிவிடுவேன். கனடாவிலேயே மூன்று மாதமாக மை முடிந்துபோன ஒரே ஆள் நான்தான்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் மகள் மனோவுக்கு இப்போது ஒன்றரை வயது. நீங்கள் இன்னும் காணாத அந்த ஆள் இந்த வீட்டில் எனக்கு மேலதிகாரி. என் காலுறை ஒன்றைக் கழிவறைக்குள் போட்டு இழுத்துவிட்டு, மற்றதையும் தா என்று கை நீட்டினா. குழப்படியில் என்னை முந்தப்போறா. சிரித்தால் முன்பல் இரண்டுக்கும் நடுவில் உங்களுக்கு இருக்கிற அதே இடைவெளி. காய்ச்சல் முற்றாகப் போய்விட்டது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

போன கிழமை முதல் பனி கொட்டியது. வோபர்னில் பஸ்ஸுக்கு நின்றபோது என் மூக்கு எனக்கு முன்னாலேயே பஸ் ஏறிவிட்டது போல இருந்தது. அக்கா உங்களுக்கென்று வாங்கி வைத்திருந்த தடித்த கோட்டை எனக்குத் தந்திருக்கிறா. கை நீளம். மடித்துப் போடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் ரீச்சர், நீங்கள் வாழ்ந்த ஓர் ஊரைப் பற்றி எழுதி வாசியுங்கள் என்றா. மற்றப் பிள்ளைகள் பிறந்த ஊரை எழுதினார்கள். கொக்குவிலை எழுதினால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று நான் பார்ட்டிக்காவை எழுதினேன். கயானாவில் ஏழாம் பிராந்தியத்தின் தலைநகரம் என்று முதல் வரியை எழுதும்போதே சிரிப்பு வந்தது. படகால் இறங்கிய அன்றைக்கு நீங்கள் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதென்ன தலைநகரம் மனே? தலையையும் காணேல்ல, நகரத்தையும் காணேல்ல, நாலு தெருவும் காடும்தானே கிடக்கு" என்றது நினைவிருக்கிறதா? மட்டக்களப்பு ஆள் என்னை மனே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் பம்பாயில் எங்களை ஒன்றாகச் சேர்த்த நாளிலிருந்து அதுவரைக்கும் நீங்கள் என்னை "யாழ்ப்பாணத்தான்" என்றுதான் சொன்னீர்கள்.

வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். தேயிலைச் சாயம் மாதிரி ஓடுகிற ஆறு. காலையில் வெயில், பத்து மணிக்கு மழை, பதினொரு மணிக்கு வெயில், பிறகும் மழை, வானத்துக்கே வயிற்றுக்குத்து. சனிக்கிழமை என்றால் காட்டுக்குள் தங்கம் தோண்டுகிறவர்கள் வந்து இறங்குவார்கள், பார்ட்டி எல்லாம் அவர்களுக்கு, பார்ட்டிக்காவில் எங்களுக்குப் பார்வை மட்டும். வீட்டுக்கார மிஸ் மூன்சாமியின் கதையையும் சொன்னேன். மூன் என்றால் நிலாச்சாமியோ என்று நான் கேட்க, "முனுசாமிதான் மனே, கப்பலில வரேக்க பேர் நசுங்கிப்போச்சு" என்றீர்களே, அதை மட்டும் இங்கிலிஷில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

அரிசிமாக் கதைக்கு வகுப்பே சிரித்தது. அரசாங்கம் கோதுமை மாவைத் தடைசெய்து, ஊரே பாண் இல்லாமல் அழுதது. கிடைத்தது அரிசிமா மட்டும். தங்கம் தோண்டுகிறவன் அதைப் பார்த்து அழ, நீங்கள் பார்த்துச் சிரித்தீர்கள். பால்பேணியில் ஆணியால் ஓட்டை போட்டு நீங்கள் அவித்த புட்டுக்கு மிஸ் மூன்சாமி தட்டோடு வரிசையில் நின்றா. அவவின் ஐந்து வயது மகள் பப்ஸி அதற்கு வெள்ளை மண் என்று பெயர் வைத்தா.

வாசித்து முடிந்ததும் ரீச்சர் கேட்டா, உன்னோடு இருந்த அந்த ஆள் இப்போது எங்கே என்று. இன்னும் அங்கேதான் என்றேன். ஏன் அவர் வரவில்லை என்று கேட்டா. ஓர் ஆளுக்குத்தான் இடம் இருந்தது என்றுவிட்டுக் கதிரையில் போய் இருந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணை, வியாழக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. அக்கா அதைக் குசினியில் நின்றபடி எனக்கும் கேட்கிற மாதிரி வாசித்தா. அக்காவுக்கு இங்கே தங்கப் பேப்பர் கிடைத்து, அவவின் அண்ணர் தியாகலிங்கம் ஓடித்திரிந்து உங்களுக்கு ஸ்பொன்சர் போட்டு, ஜோர்ஜ்டவுனில் உள்ள கனடாக் கந்தோருக்கு டிசம்பர் பன்னிரண்டாம் திகதி நேரில் வரச் சொல்லி உங்களைக் கூப்பிட்டும் விட்டார்கள். நீங்கள் போகமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். "பிள்ளையாருக்கு முன்னால திருவுளச்சீட்டுப் போட்டு, எடுத்ததை ஏற்கிறன் எண்டு சொன்னனான். அவர் தம்பியை அனுப்பினார், என்னை நிப்பாட்டினார். அதை மீறிப் படிவம் நிரப்பத் தொடங்கின கிழமையே பிள்ளைக்குக் காய்ச்சல். இதுக்கு மேல எனக்கு அடையாளம் வேணாம்" என்று எழுதி, தைக்கு முன்னம் ஊருக்குத் திரும்புகிறேன் என்று முடித்திருந்தீர்கள். அக்கா கடிதத்தை மடித்தா. "பிள்ளையார் விட்ட வழி எண்டா நான் என்ன சொல்லுற" என்று கறியைக் கிண்டினா. அடுப்புப் பத்தவில்லை. அணைந்த அடுப்பில்தான் கிண்டிக்கொண்டு நின்றா.

ஊரில் உங்கள் கூடப்பிறந்த தம்பியை ஆமி பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோன அதே றோட்டால்தான் நீங்கள் வீட்டுக்குப் போகவேண்டும். அதை எனக்குச் சொன்னது நீங்கள்தான்.

இனி நான் எழுதுவதைப் பொறுமையாக வாசியுங்கோ. உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். வரிசையாகச் சொல்லாவிட்டால் நடுவில் ஒரு பகிடியைப் போட்டு அதற்குப் பின்னால் ஒளித்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும்.

தட்டுக் கழுவுவது யார் என்று நாங்கள் தினமும் சீட்டுப் போட்டோம். முதல் நாலு நாளும் நீங்களே கழுவினீர்கள். ஐந்தாம் நாள் சந்தேகப்பட்டு மற்றச் சீட்டையும் விரித்தீர்கள். இரண்டிலும் மாமாங்கம். காதைத் திருகினீர்கள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "சாமிக்கு முன்னால மட்டும் இந்த வேலை செய்துபோடாத மனே" என்றீர்கள். சீச்சீ, அப்படிச் செய்வேனா என்றேன்.

ஓகஸ்டில் ஏஜென்சிக்காரன் மத்தியானம் படகால் வந்து, ஒரு பாஸ்போட்தான் கிடைத்தது, இருபத்திரண்டு வயதுக்காரனுடையது, பெடியனுக்கு மீசை கீறினாலும் சரி, பெரியவருக்கு மீசை வழித்தாலும் சரி, ஒரு மணித்தியாலத்தில் முடிவு சொல்லுங்கோ என்றான். எனக்கு மனைவி இருக்கிறா, முகம் காணாத பிள்ளை இருக்கிறது என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். நான் வாய் திறந்திருக்கமாட்டேன். நீங்கள் சொல்லவில்லை. "ரெண்டு பேருக்கும் போகத்தான் ஆசை. அவரிட்டக் கேட்பம்" என்று சட்டைப்பையில் இருந்த பிள்ளையார் படத்தை எடுத்து மிஸ் மூன்சாமியின் சாமித்தட்டில் வைத்தீர்கள். என்னைச் சீட்டு எழுதச் சொல்லிவிட்டுக் கற்பூரம் கேட்டு வாங்கப் போனீர்கள்.

நான் இரண்டு சீட்டிலும் நவம் என்று எழுதினேன்.

மேலே உள்ள வரியைத்தான் மூன்று மாதமாக எழுத முடியாமல் இருந்தேன். இதுக்கு முன்னம் நான்கு கடிதம் தொடங்கினேன். அவற்றில், அது பகிடிக்குச் செய்தது, எடுத்து விரித்தவுடன் மற்றதையும் காட்டிச் சிரிக்க இருந்தேன், அதற்குள் ஏஜென்சிக்காரன் கையைப் பிடித்து இழுத்துவிட்டான் என்று எழுதியிருந்தேன். நல்லாகத்தான் எழுதியிருந்தேன். நானே நம்பினேன். அது பொய் அண்ணை. எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவேயில்லை. முதல் சீட்டில் என் பெயரை எழுதினேன், இரண்டாவதில் "மா" என்று தொடங்கக் கையை வைத்தேன், கை என் பெயரை எழுதியது. கை என்று அதன்மேல் பழி போடக்கூடாது. நான் எழுதினேன். உங்களுக்கு விழுந்தால் அந்தக் காட்டில் தனியாக நிற்கவேண்டும் என்ற பயம்.

தமிழ் தெரியாத பிள்ளை எடுத்தால்தான் நியாயம் என்று நீங்கள் பப்ஸியைக் கூப்பிட்டீர்கள். அவ எடுத்துத் தந்ததை விரித்து, வாசித்து, கண்ணில் ஒற்றினீர்கள். நீங்கள் சாமித்தட்டுப் பக்கம் திரும்பிக் கும்பிட்ட நேரம் மற்றச் சீட்டை வாயில் போட்டு மென்று விழுங்கினேன். தொண்டையில் சிக்கிக் கண்ணீர் வந்தது. நான் உங்களை விட்டுப் பிரிவதற்கு அழுகிறேன் என்று நினைத்து என் தலையைத் தடவினீர்கள். "அவர் சொல்லிப்போட்டார் மனே, மனவருத்தப்படாமப் போ. அங்க அக்கா இரிக்கா, பார்த்துக்கொள்ளுவா" என்று விலாசத்தை எழுதித் தந்தீர்கள். அந்த விலாசத்தில்தான் இருந்து சாப்பிட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

பிள்ளையார் உங்களை நிப்பாட்டவில்லை. அவரை யாரும் கேட்கவேயில்லை. அவருக்கு முன்னால் நடந்தது ஒரு களவு. உங்கள் வாக்குக்கு அதில் ஒரு கட்டும் இல்லை. மனோவுக்கு வந்தது காதுக்குள் நோவு, இங்கே குளிர் தொடங்கினால் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கும் வருகிறது, ஒரு போத்தல் மருந்தில் போய்விட்டது. இப்போதும் என் செருப்பைக் கடித்துக்கொண்டு முன்னால் இருக்கிறா.

இன்று காலை அக்காவிடம் சொல்லிவிட்டேன். பிள்ளைக்குச் சாப்பாடு தீத்திக்கொண்டிருந்தவ கோப்பையைக் கீழே வைத்தா. ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "ரெண்டு சீட்டிலயும் உன்ர பேரா?" ஓம் என்றேன். "அப்ப பிள்ளையார் ஒண்டும் சொல்லேல்ல" என்றா. திரும்பவும் அதையே சொன்னா. சொல்லிச் சிரித்தா, அண்ணை. நான் வந்த நாளிலிருந்து அப்படிச் சிரித்துக் கண்டதில்லை. பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதா. பேச்சு விழும், அறை விழும் என்று அசையாமல் நின்றேன். ஒன்றும் விழவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு, தியாகலிங்கம் அண்ணை வீட்டுக்குப் போய் நீங்கள் நேரில் வருவீர்கள் என்று ஜோர்ஜ்டவுன் கந்தோருக்குத் தந்தி அடிக்கச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றா. "அவருக்கு எல்லாத்தையும் எழுது. ஒண்டும் விடாம எழுது" என்றா. சுவரைப் பார்த்துத்தான் சொன்னா. என்னைப் பார்க்கவில்லை. ஆனால் பிள்ளையை என்னிடம்தான் விட்டுவிட்டுப் போயிருக்கிறா.

வந்ததும் என்னை வெளியே போகச் சொல்வாவோ தெரியாது. சொன்னால் போவேன். மோர்னிங்சைட்டில் என்னோடு படிக்கிற பெடியன் ஒருவனின் வீடு இருக்கிறது. எனக்காக யோசிக்கவேண்டாம்.

பன்னிரண்டாம் திகதி போங்கோ. ஆற்றில் படகு பிந்தும், முதல் நாளே ஜோர்ஜ்டவுனுக்கு இறங்கிவிடுங்கோ. கலியாணப் படத்தையும் பதிவுக் கடதாசியையும் மழையில் நனையாமல் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுபோங்கோ. உங்கள் சொந்தப் பெயரில், சொந்த முகத்தோடு போங்கோ.

மன்னியுங்கோ என்று எழுதக் கை வரவில்லை. கேட்டால் நீங்கள் உடனே தந்துவிடுவீர்கள், அங்கிருந்தே தலையைத் தடவிவிடுவீர்கள், அதுதான் பயம். தருவதோ அடிப்பதோ, நேரில் வந்து செய்யுங்கோ. வந்தால் போதும் அண்ணை. வாங்கோ.

உங்கள் இடத்தில் இருக்கும்,
நவம்