காரில் மாட்டிக்கொண்ட கேசட்

மார்ச் 4, 2019

மாமனார் போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. அவர் காரை இனி நான் ஓட்டலாம் என்று இன்று வீட்டில் தீர்மானமானது. தீர்மானம் என்றால், அத்தை சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார். அவ்வளவுதான்.

காரில் ஒரு குறை. பாட்டுப்பெட்டிக்குள் ஒரு கேசட் மாட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே வராது, நிற்கவும் நிற்காது. எஞ்சினைப் போட்டால் பாட்டும் வரும். சத்தத்தைக் குறைக்கும் குமிழ் எப்போதோ கழன்று போயிருக்கிறது. பிஷ்கேக் நகரம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கிறது.

மார்ச் 7

ஒரு பெண் பாடுகிறாள். கிட்டார், பாஸ், டிரம்ஸ். நம் கிர்கிஸ் மொழிதான். முதல் நாள் எரிச்சல். நேற்று பரவாயில்லை. இன்று அலுவலக வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். என்ன ஆச்சு எனக்கு?

பத்துப் பாட்டு. ஒன்றிலும் மலை இல்லை, குதிரை இல்லை, கணவாயில் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஒரு பாட்டு முழுக்கப் பல்வலி. மூன்றாவது பாட்டு, ‘செருப்பைக் கொடு’. வேற்று வீட்டில் மாட்டிக்கொண்ட ஒருத்தி வாசலில் தன் செருப்பைத் தேடுகிறாள். கெஞ்சவில்லை. கேட்கிறாள். குரல் மேலே போகும்போது லேசாக உடைகிறது, அவள் அதை மறைக்கவும் இல்லை. இப்படி ஒன்று நம் ஊரில் வந்தது எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? ரேடியோவில் வேலை பார்க்கிறேன் என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன்.

தெரியாமல் போன காரணமும் புரிகிறது. இதற்கு ஆட முடியாது. ஆட முடியாத பாட்டைக் கல்யாண விருந்தில் பாட முடியாது. விருந்தில் பாடாத பாடகருக்கு இந்த நாட்டில் சோறு கிடையாது.

மார்ச் 12

போன் வைத்துக் காரிலேயே பதிவு செய்து, காலை நிகழ்ச்சியில் மூன்றாவது பாட்டைப் போட்டேன். “இந்தப் பாடகி யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள். உயிரோடு இருக்கிறாரா என்றுகூட நமக்குத் தெரியவில்லை” என்று குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொன்னேன். எனக்கே பிடித்திருந்தது.

ஓஷ் ஊரிலிருந்து ஒருவர், தன் சித்தி பெண்தான் அது என்றார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டால், அவர் வாழ்நாளில் பாடியதே இல்லையாம்.

சாயங்காலம் அத்தை தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்: “மூணாவது பாட்டுல டிரம்ஸ் கொஞ்சம் பிந்தி வரும். அடிச்சவன் அன்னிக்குக் குடிச்சிருந்தான்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?”

“நான்தானே பாடினேன். செத்துட்டேன்னு இன்னிக்குதான் ரேடியோல சொன்னாங்க.”

என் கிண்ணத்தை விளிம்புவரை ஊற்றினார். மதிப்பு இருந்தால் அரைக் கிண்ணம், திரும்பத் திரும்ப. நிறைய ஊற்றினால் குடித்துவிட்டு எழுந்து போ என்று அர்த்தம். குடித்துவிட்டு எழுந்து போனேன்.

மார்ச் 13

எல்தியாருக்குத் தெரியுமாம். கட்டிய கணவன். “நீ கேக்கவே இல்லையே” என்கிறான்.

மார்ச் 18

நேயர்கள் பாடகியின் பெயர் கேட்கிறார்கள். நான் மருமகள், மாமியார் பெயரை வாயால் சொல்வதில்லை. ஒலிப்பதிவாளர் மாக்சிமைச் சொல்லச் சொன்னேன். ரஷ்யன், தப்பாகச் சொன்னான். (இங்கே எழுதலாமா? எழுத்துக்கும் அந்த விதி உண்டா? வேண்டாம்.)

நிலையத் தலைவர் ஏப்ரலில் அவரை நேரில் பாடவைக்கச் சொல்கிறார். அத்தையிடம் கேட்டேன். “மாட்டேன்.” காரணம் கேட்டேன். “வெங்காயம் நறுக்கு.”

மார்ச் 21

நூருஸ், வசந்தப் புத்தாண்டுப் பண்டிகை. வீடு நிறையச் சொந்தம். யாரோ ஒருவர், ரேடியோவில் கேட்டோமே, ஒரு பாட்டுப் பாடுங்கள் என்றார். அத்தை எழுந்து வெளியே போனார். தேடிப்போனால் காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். மாமா இந்தக் கேசட்டைத்தான் தினமும் போடுவாராம், இவர் பின்னால் உட்கார்ந்து நிறுத்துங்கள் என்பாராம். நான் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“கேசட் வந்த வருஷம், கொச்கோர் கிராமத்துப் பக்கம் ஒரு கல்யாண விருந்துக்குக் கூப்பிட்டாங்க. போன பிறகுதான் தெரியும், பொண்ணை அன்னிக்கு மத்தியானம்தான் தூக்கிட்டு வந்திருக்காங்க. சம்மதிச்சுட்டான்னு காட்டத் தலையில வெள்ளைத் துணியைக் கட்டித் திரைக்குப் பின்னால உக்கார வச்சிருந்தாங்க. ஆடுற பாட்டு கேட்டாங்க. நான் ‘செருப்பைக் கொடு’ பாடினேன். வேணும்னேதான் பாடினேன். ரெண்டாவது சரணத்துல திரையை விலக்கிப் பார்த்தா, ஆள் இல்ல.”

“நல்லதுதானே அத்தை.”

“ஸ்பீக்கரை உடைச்சாங்க. அப்புறம் யாரும் கூப்பிடல. அது போகட்டும். திரும்பி வந்தவளை அப்பன் வீட்டுக்குள்ள விடலயாம். ஆத்துல விழுந்துட்டான்னு ஒருத்தன் சொன்னான். ரஷ்யாவுக்குப் போயிட்டான்னு இன்னொருத்தன். பாடினது நான், போனது அவ. நான் கல்யாணம் பண்ணிக்கிட்டு, புள்ளைக்கும் கல்யாணம் பண்ணிப் பார்த்தாச்சு. அவ?”

உள்ளே இறைச்சி ஆறுகிறது என்றேன்.

ஏப்ரல் 2

அத்தையைக் கேட்காமல் அந்தக் கதையை ரேடியோவில் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணைத் தெரிந்தவர்கள் கூப்பிடுங்கள் என்று நம்பரும் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டார்: “அவ செத்துட்டான்னு யாராவது போன் பண்ணினா, அதையும் நீதான் எனக்கு வந்து சொல்லுவியா?”

அட கடவுளே, இதை நான் யோசிக்கவே இல்லையே. எல்தியார், “நடுவுல என்னை இழுக்காதீங்க” என்று பக்கத்து அறைக்குப் போய்விட்டான். யாரும் அவனை இழுக்கவில்லை.

ஏப்ரல் 5

ரேடியோ நிலையத்தில் போன் அடித்தால் மாக்சிமை எடுக்கச் சொல்கிறேன். இன்று கூப்பிட்டவர் வானிலை கேட்டார்.

ஏப்ரல் 9

கூப்பிட்டாள். அவளே. பெயர் கென்ஜெகுல். கொச்கோரிலேயே கோழிப்பண்ணை வைத்திருக்கிறாள். அவளோடு பேசும்போது பின்னால் கோழிகள் கத்தின. சாயங்காலம் வீட்டிலிருந்து கூப்பிட்டு, போனை மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டேன். அத்தை நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினார்.

“நான் அன்னிக்குப் பாட வந்தவ.”

“அப்படிங்களா அக்கா? மன்னிச்சுக்கங்க, முகம் ஞாபகம் இல்ல.”

“உங்க அப்பா வீட்டுல சேத்துக்கலன்னு சொன்னாங்களே.”

“ரெண்டு வருஷம் பேசல. நானும் பேசல. சித்தி வீட்டுல இருந்தேன். அப்புறம் எனக்குப் பிடிச்சவரைக் கட்டிக்கிட்டேன். ரெண்டு பொண்ணுங்க. அப்பாவே வந்து கோழிக்குத் தீனி போட்டுட்டிருந்தார், போன வருஷம்வரைக்கும்.”

அத்தை மேசையைப் பிடித்துக்கொண்டார். “அந்தப் பாட்டைக் கேட்டுத்தானே எழுந்து போனே?” என்றார்.

“பாட்டா? ஒரு வார்த்தைகூடக் காதுல விழலக்கா. ஸ்பீக்கர் அப்படிக் கத்துச்சு. வாசப்படியில குறுக்கே ஒரு கிழவியைப் படுக்க வச்சிருந்தாங்க இல்ல? பெரியவங்களைத் தாண்டிப் போனா சாபம்னு. அவ எப்ப எழுந்திருப்பான்னுதான் மத்தியானத்துலேர்ந்து பார்த்துட்டிருந்தேன். நீங்க ஆரம்பிச்சதும், காது போகுது, யாரு அவன்னு திட்டிக்கிட்டே எழுந்து உள்ள வந்தா. வாசல் காலி. நான் போயிட்டேன்.”

போனை வைத்த பிறகு அத்தை துண்டில் முகத்தைப் புதைத்து அழுதார். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் அதைப் பார்த்ததில்லை. மாமாவை அடக்கம் செய்த அன்றுகூட. கிட்டப் போகலாமா, போகக் கூடாதா? போனேன். தோளைப் பிடித்துக்கொண்டேன். விலக்கவில்லை.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கேட்டார்: “ஒரு வார்த்தைகூடவா?”

ஏப்ரல் 10

“ரெண்டாவது சரணம் நல்லாத்தான் எழுதியிருந்தேன்.” இது காலையில். மத்தியானமும் இதையே சொன்னார்.

ஏப்ரல் 11

அத்தை எல்தியாரை அனுப்பிக் கிட்டாருக்குக் கம்பி வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். கிட்டார் எங்கே இருந்தது என்று கேட்டேன். எங்கள் கட்டிலுக்கு அடியில். “நீ கேக்கவே இல்லையே” என்றான் மறுபடியும். இவனை என்ன செய்வது?

ஏப்ரல் 14

காலையில் எழுந்தால் கார் இல்லை. அத்தையும் இல்லை, கிட்டாரும் இல்லை. கொச்கோர் போயிருக்கிறார். “அவளை உக்கார வச்சு முழுசாக் கேக்க வைக்கணும்” என்று மகனிடம் சொல்லிவிட்டுப் போனாராம். நான் பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் கென்ஜெகுல் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். “உங்க அத்தை எப்பக் கிளம்புவாங்க? பத்துப் பாட்டும் காருக்குள்ள கேட்டாச்சு. இப்ப வீட்டுல நேர்லயே பாடிட்டிருக்காங்க. பொண்ணுங்க ரெண்டும் நகர மாட்டேங்குது.”

“பிடிச்சிருக்கா உங்களுக்கு?”

அந்தப் பக்கம் கிட்டார் சத்தம் கேட்டது.

“ரொம்பப் பிடிச்சிருக்கு. அதை அவங்க கிட்டயும் சொன்னேன். அன்னிக்கு இது காதுல விழுந்திருந்தா, முடியட்டும்னு உக்காந்து கேட்டுட்டே இருந்திருப்பேன். கிழவி திரும்பிப் போய்ப் படுத்திருப்பா. நான் அங்கேயே இருந்திருப்பேன்.”

“அத்தை என்ன சொன்னாங்க?”

“முதல் பாட்டுலேர்ந்து திரும்ப ஆரம்பிச்சுட்டாங்க.”

நாளைக்கும் பஸ்தான்.