புதன்கிழமை வரை திறக்காத உறைகள்

அக்டோபர் 14, புதன்

எங்கள் கவுண்டியை, அதாவது மாவட்டத்தை, நிர்வகிக்கும் மூன்று கமிஷனர்களின் கூட்டத்தில் தோற்றுவிட்டு, கோபத்தோடு வந்து எழுதுகிறேன்.

நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பரவும் நோய்க்குப் பயந்து இந்தத் தடவை பாதிக் கவுண்டியும் தபாலில்தான் வாக்களிக்கப் போகிறது. தேர்தல் நாள் காலை ஏழு மணிக்கு முன்னால் ஒரு உறையைக்கூடப் பிரிக்கக் கூடாது என்பது மாநிலச் சட்டம். அதை மாற்ற என்னால் ஆகாது. ஏழு மணி ஆனதும் தொடங்க விடுங்கள், அதற்குத் தனியாக ஆள் கொடுங்கள், இவ்வளவுதான் கேட்டேன்.

கமிஷனர் வெர்லின் ஹாஃபர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "இங்க பாரும்மா ரோஸலி, செவ்வாய்க்கிழமை வாக்குச்சாவடிய கவனி. தபால புதன்கிழமை பிரிச்சுக்கலாம். உறை எங்கயும் ஓடிப்போயிடாது."

பெஞ்சுகளில் ஒரே சிரிப்பு.

"உறை ஓடாதுங்க. ஊர்க்காரங்க பொறுமைதான் ஓடிடும்" என்றேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

மூவரில் அவரும் இன்னொருவரும் ஒரு பக்கம். புதன் காலை ஒன்பது மணி என்று முடிவாகிவிட்டது. தேர்தல் அலுவலகத்தின் இயக்குநர் நான். ஆனால் எப்போது வேலையைத் தொடங்குவது என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

வீட்டில் ஜீன் கேட்டுவிட்டு, "கடைசியில எல்லாம் உன் தலையிலதான் விடியும், பாத்துக்கோ" என்றார். புருஷன் ஆறுதல் சொல்கிற லட்சணம் இது.

அக்டோபர் 24, சனி

நீதிமன்றக் கட்டடத்தின் நிலவறையில் பழைய சிறை அறை ஒன்று இருக்கிறது. உறைகளை அதற்குள் பூட்டி வைக்கிறோம். கம்பிக்கு அந்தப் பக்கம் தட்டுத் தட்டாக வாக்குகள், இந்தப் பக்கம் கை கட்டிக்கொண்டு நாங்கள். யாருக்குத் தண்டனை என்று தெரியவில்லை.

நாள் முழுக்கத் தொலைபேசி. "என் வாக்க எண்ணியாச்சா?" என்று பாதிப் பேர், "எப்படி அனுப்பணும்?" என்று மீதிப் பேர். எனக்கு உதவியாக இருக்கும் பெவ் யோஸ்ட் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறாள். "ரெண்டு உறை, அம்மா. சீட்டு உள்உறைக்குள்ள போகணும், உள்உறை வெளிஉறைக்குள்ள போகணும், வெளியில கையெழுத்து." உள்உறை இல்லாமல் வந்தால் அந்தச் சீட்டு செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாங்கள் அதை அம்மணச் சீட்டு என்போம். சிரிப்பு வருகிற பேர்தான். அதைத் தனியே எடுத்து வைக்கும்போது மட்டும் சிரிப்பு வருவதில்லை.

நவம்பர் 3, செவ்வாய்

வாக்குச்சாவடிகளில் குறை ஒன்றும் இல்லை. நேரில் போட்ட வாக்குகளின் கணக்கை மாலையே ஒட்டிவிட்டோம். "தபால் வாக்கு இதில் சேரவில்லை" என்று பெரிய எழுத்தில் நானே எழுதினேன். அதை எவன் படிக்கிறான்? அதற்குள் முந்தியவர்களின் ஆட்கள் வெற்றி என்று ஹாரன் அடித்துக்கொண்டு சதுக்கத்தைச் சுற்றுகிறார்கள்.

காலை ஏழு மணிக்கே ஆரம்பித்திருந்தால் இந்நேரம் பாதியாவது ஆகியிருக்கும். பாதி!

நவம்பர் 4, புதன்

ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். தீயணைப்புப் பயிற்சிக் கூடத்தில் நீள மேசைகள். ஆறடி தள்ளித் தரையில் ஒட்டிய நாடாவுக்கு அப்பால் கட்சிகளின் பார்வையாளர்கள். முன்வரிசையில் லாமர் டீட்ரிக், கல் குவாரியில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கையை மார்பில் கட்டிக்கொண்டு, முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டு, எங்களைத் திருடர்களைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்.

"ஏம்மா, அத நல்லா தூக்கிப் பிடி. பேரு தெரியல."

"மூக்க மூடுங்க, நல்லாத் தூக்கிப் பிடிக்கிறோம்" என்றாள் பெவ்.

வேலை இதுதான். பட்டியலில் பெயர் இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளிஉறையைப் பிரித்து, எது யாருடையது என்று தெரியாதபடி உள்உறைகளை எல்லாம் கலைத்து, பிறகு அவற்றைப் பிரித்துச் சீட்டை எடுக்க வேண்டும். மூன்றாக மடித்த தடித்த தாள். மடிப்பை எதிர்ப்பக்கம் மடக்கித் தேய்த்து நேராக்காவிட்டால் இயந்திரம் துப்பிவிடும். காபி சிந்தியது, கிழிந்தது எல்லாவற்றுக்கும் இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் புதுச் சீட்டில் குறிக்க வேண்டும். ஒரு உறைக்குள் மானை வேட்டையாடும் உரிமத்துக்கான விண்ணப்பம் இருந்தது, அழகாக நிரப்பி. வாக்குச் சீட்டு வேறு எந்த அலுவலகத்துக்குப் போயிற்றோ.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது பெவ் வானொலியைப் போட்டாள். ஹாஃபர் பேசிக்கொண்டிருந்தார். "தேர்தல் ஆபீஸ் ஏன் இப்படித் தூங்குதுன்னு எனக்கும் புரியல. மக்கள் கேக்கறாங்க. நான் விசாரிக்கத்தான் போறேன்."

தூங்குதா? யாருய்யா தூங்க வச்சது? புதன்கிழமை பிரிச்சுக்கலாம்னு சாய்ஞ்சு உக்காந்து சொன்னது யாரு, நானா? அந்த அறையில அத்தனை பேர் இருந்தாங்களே, ஒருத்தர் வாயத் திறக்கலாமே— சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டு மேசைக்குப் போனேன்.

நவம்பர் 5, வியாழன்

வாசலில் கூட்டம். "நிறுத்து, நிறுத்து" என்று ஒரு கும்பல், "எண்ணு, எண்ணு" என்று இன்னொன்று. நாங்கள் நடுவில், தாளைத் தேய்த்துக்கொண்டு.

வேலை முடிந்து பால் வாங்கப் போனேன். வரிசையில் பின்னால் நின்ற பெண் எங்கள் தேவாலயத்தில் பாடுகிறவள். குரலைத் தாழ்த்தாமலே கேட்டாள்: "ரோஸலி, இன்னிக்கு எத்தன உறைய புதுசா தயார் பண்ணீங்க?" நான் திரும்பிப் பார்த்தேன். அவள் மிட்டாய் அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் செய்தவள். எனக்கு அழுகை வரவில்லை, அடிக்கத்தான் தோன்றியது.

லாமர் இன்று அம்மணச் சீட்டுகளைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணுகூட உள்ள போகக் கூடாது. நான் ஒவ்வொண்ணா பாப்பேன். சட்டம்னா சட்டம்."

"எங்களுக்கும் அதே சட்டம்தான்" என்றேன்.

"அதத்தான் பாக்க வந்திருக்கேன்."

நவம்பர் 6, வெள்ளி

இன்று நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை, ஜீனிடம்கூட.

காலை பதினொரு மணி இருக்கும். பெவ் ஒரு வெளிஉறையைப் பிரித்ததும் சீட்டு தனியாக வெளியே வந்தது. உள்உறை இல்லை. யாருக்கு வாக்கு என்று கண்ணில் படுவதற்குள் கவிழ்த்து வைத்தாள். செல்லாதவற்றுக்கு எப்போதும் செய்வதுபோல் உறையை உயர்த்திப் பெயரைப் படித்தாள்: "டீட்ரிக், டோரிஸ்."

லாமரின் மனைவி. ஆஸ்துமாக்காரி, வசந்தத்திலிருந்து வீட்டுக்கு வெளியே வரவில்லை.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்தான். மூன்று நாளாக என்னைத் திருடியாகப் பார்த்த கண்ணை ஒரு தடவை நேராகப் பார்க்கலாம் என்று திரும்பினேன். இப்போது கத்துவார், இந்த ஒன்றை மட்டும் விடுங்கள் என்பார், நான் சொல்லப் போகிற பதில் நாக்கு நுனியில் இருந்தது.

அவர் நாடாவைத் தாண்டவில்லை. கட்டியிருந்த கை அவிழ்ந்தது. "அவளுக்குச் சமையல் மேசையில நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றார், யாரிடமோ. "ரெண்டு உறைன்னு தெரியல. ஒண்ண குப்பையில போட்டுட்டேன்."

பெவ் என்னைப் பார்த்தாள்.

"அத எடுத்து அந்தப் பக்கம் வைம்மா. எல்லாருக்கும் என்னவோ அதுதான்" என்றார் லாமரே.

வைத்தாள். நாக்கு நுனியில் இருந்ததை நான் விழுங்கிக்கொண்டேன்.

நவம்பர் 7, சனி

முடித்துவிட்டோம். செவ்வாய் மாலை ஒட்டிய கணக்கில் முந்தியிருந்தவர்களில் சிலர் பின்தங்கிவிட்டார்கள், சிலர் தப்பித்தார்கள். ஹாஃபரின் கட்சி ஆட்களுக்கு நஷ்டம். அதனால் இனி நான் தூங்குமூஞ்சி இல்லை, திருடி.

நவம்பர் 20, வெள்ளி

கமிஷனர்களிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. "தாமதத்துக்குப் பொறுப்பு" பற்றி டிசம்பர் 9 அன்று விவாதிப்பார்களாம். என்னைப் பதவியில் வைத்திருப்பதா என்று வாக்கெடுப்பு. தீர்மானம் கொண்டுவருகிறவர்: ஹாஃபர்.

வெட்கம் என்று ஒன்று உண்டு, அது சிலரிடம் வாடகைக்குக்கூட வருவதில்லை.

டிசம்பர் 9, புதன்

பொதுமக்கள் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். ஐந்தாறு பேர் என்னைத் திட்டினார்கள். அதற்குப் பிறகு லாமர் எழுந்து ஒலிவாங்கிக்கு வந்தார். இவரும் ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்து நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் இவங்கள நம்பாமத்தான் போய் உக்காந்தேன். நாலு நாளும் உக்காந்தேன். திருட்ட பாக்கணும்னு போனவன், மடிச்ச தாள நிமித்தறதத்தான் பாத்தேன். காலையிலேருந்து பொழுது சாயற வரைக்கும் அதேதான். என் வீட்டு வாக்கே செல்லாமப் போச்சு, அதையும் சட்டப்படிதான் எடுத்து வச்சாங்க."

"சரி லாமர், நன்றி" என்றார் ஹாஃபர்.

"இருங்க, முடிக்கல. ஏழு மணிக்கு ஆரம்பிக்கறேன்னு இந்தம்மா கேட்டாங்க. புதன்கிழமை பிரிச்சுக்கலாம், உறை ஓடாதுன்னு சொன்னது நீங்க, வெர்லின். கடைசி பெஞ்சுல நானும் இருந்தேன். எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன். இங்க இருக்கறவங்கள்ல பாதிப் பேரு அன்னிக்கும் இருந்தீங்க. என்ன, எல்லாருக்கும் மறந்துபோச்சா?"

எனக்கு முன்னால் இருந்தவர் தொப்பியைக் கழற்றி அதன் உட்பக்கத்தைப் பார்த்துக்கொண்டார்.

"மூணு நிமிஷம் முடிஞ்சுது, லாமர்" என்றார் ஹாஃபர்.

ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்கள். பிறகு வாக்கெடுப்பு. அதே இருவர், அதே ஒருவர். இந்த மாதக் கடைசியோடு எனக்கு வேலை இல்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் உண்மையைச் சொன்னார். அது எனக்குப் போதுமா? போதாது. போதும் என்று எழுதினால் பொய்.

பிப்ரவரி 10, புதன்

தீவனக் கடையில் கல்லாவில் இருக்கிறேன். கோழி வளர்க்கிறவர்கள் யாரும் என்னைத் திருடி என்று சொல்வதில்லை.

இயக்குநராகியிருக்கும் பெவ் வந்தாள். தீவனம் வாங்க இல்லை, அவளிடம் கோழியே கிடையாது. "கேளு, இன்னிக்குக் கூட்டத்துல ஹாஃபர் ஒரு தீர்மானம் கொண்டு வந்தாரு. இனிமே தேர்தல் அன்னிக்கு காலை ஏழு மணிக்கே தபால் உறையப் பிரிக்கணும், அதுக்குத் தனியா ஆள் போடணும்னு. தானே யோசிச்ச மாதிரி. மூணு பேரும் சரின்னுட்டாங்க. கை தட்டுனாங்கடி."

"நீ?"

"நான் தட்டல. ஆனா ஆள் கிடைக்குதேன்னு நிம்மதியா இருந்துச்சு. திட்டிக்கோ."

திட்டவில்லை. அவள் இடத்தில் நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். அதுதான் இன்னும் எரிச்சல்.

மே 18, செவ்வாய்

பள்ளிக்குழுவுக்கு யாரை நிறுத்துவது என்று கட்சிக்காரர்கள் வாக்களிக்கும் முதல்சுற்றுத் தேர்தல். அதில் நிற்கும் ஒரு பெண் தன் சார்பில் என்னைப் பார்வையாளராக வரச் சொன்னாள். கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, காலை ஏழு மணிக்கு நாடாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது தெரியவில்லை, நாற்காலி இவ்வளவு கடினம் என்று.

உறை பிரிக்க எடுத்த ஆட்களில் லாமரும் இருந்தார், முகக்கவசம் மூக்குக்கு மேலே. இரண்டு உறையைப் பிரிப்பதற்குள் விரலை அறுத்துக்கொண்டார். பெவ் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். நான் கேட்காமலே ஒவ்வொரு உறையையும் என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் கீழே வைத்தார். ஒரு தடவை, "தெரியுதா, ரோஸலி?" என்றார்.

"தெரியுது. சீக்கிரம் ஆகட்டும்" என்றேன்.

"கை வலிக்குதும்மா" என்றார்.

மதியத்துக்கெல்லாம் தபால் முடிந்துவிட்டது. சாவடிகள் மூடிய கொஞ்ச நேரத்தில் மொத்த முடிவையும் ஒட்டிவிட்டார்கள். வண்டியை எடுத்ததும் வானொலியில் ஹாஃபர். "போன தடவை இருந்த குளறுபடிய எல்லாம் சரி பண்ணிட்டோம். இப்ப ஆபீஸ் ஒழுங்கா நடக்குது." பேட்டி எடுத்தவர் நன்றி சொன்னார்.

நவம்பரில் கூட்டம் நின்று கத்திய அதே கூடத்து வாசலைத் தாண்டித்தான் வந்தேன். ஏன் இவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்று கேட்க அங்கே ஒரு ஆள்கூட நிற்கவில்லை.