சாயக் கைக்கு விழுந்த அடி

என் பிள்ளைகளின் தாய்க்கு, நான் சொல்லச் சொல்ல, என் விடுதி அறையில் பக்கத்துக் கட்டில்காரர் எழுதுவது. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் சௌக்கியம்.

இங்கே தேர்தல் நடந்தது. ஓட்டுப் போட்டால் கையை ஒடிப்போம் என்று ஒரு கும்பல் மிரட்டியிருந்தது. இங்கே பட்டியலில் என் பெயர் இருந்தும், நமக்கெதற்கு என்று நான் வழக்கம்போல் சாயப்பட்டறைக்கே போனேன். மத்தியானம் சாப்பிட வரும்போது, தெருமுனையில் ஓட்டு மை இருக்கிறதா என்று விரல் விரலாகப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மண்டை உடைந்து கிடந்தார். என் கைதான் முழங்கைவரை கறுப்பாயிற்றே.

“பெருசு பத்து விரல்லயும் மை வச்சிருக்குடா.”

“சாயம்ப்பா இது.”

சொல்லி முடிப்பதற்குள் வலது கையில் இரும்புக் குழாய் இறங்கியது. விழுந்தவனை விலாவில் மிதித்தார்கள்.

போடாத ஓட்டுக்கு அடி வாங்கியாயிற்று, போட்டுவிட்டே போவோம் என்று எழுந்து நேரே சாவடிக்குப் போனேன். கைநாட்டு வைக்க இடது கட்டைவிரல் மிச்சமிருந்தது.

“எந்த விரல்ல ஐயா மை வைக்கிறது?” என்றார் அதிகாரி.

“ஒடியாததுல வைங்க.”

ஒவ்வொரு தேர்தலுக்கும் மை விரலை என் மூக்குக்கு நேரே நீட்டிச் சிரிப்பாயே, இனி நானும் நீட்டுவேன்.

பொத்தானில்லாத தொளதொளச் சட்டை ஒன்று அனுப்பு. கட்டில்காரர்தான் பொத்தான் போட்டுவிடுகிறார். அவருக்கு உன் பொறுமை கிடையாது. இதை எழுதும்போதே முறைக்கிறார். வேலைக்கு நேரமாயிற்றாம், நிறுத்துகிறேன்.