பின்னறையில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்

ஏங்க,

கம்பெனி லீவு நாளிலாவது தூங்கட்டும் என்று உங்களை எழுப்பவில்லை. நாலு சக்கரப் பைக்கின் சிலிண்டரைத் துணியில் சுற்றி விருதுநகர் லேத் பட்டறைக்கு எடுத்துப் போகிறேன். துரு போகக் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டனும் வாங்கி வருவேன். சாயங்காலம் ஆகும்.

நான் அம்மா வீட்டில் இருந்த வாரம் முழுக்க, இன்ஜினைக் கழற்றிப் பரப்பியிருந்த பின்னறையைத் தினமும் கழுவிவிட்டிருக்கிறீர்கள். கேட்டால், "தூசியா கெடந்துச்சு, ரெண்டு வாளி ஊத்துனேன், அது ஒரு குத்தமா?" என்கிறீர்கள். தீப்பொறி பறந்துவிடக் கூடாதென்று பட்டாசுக் கம்பெனி மருந்தறையைக் கழுவிக் கழுவிப் பழகிய கை என்று தெரியும். தெரிந்தும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

காயலான் கடைக்காரர் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். வண்டியை எடைக்குப் போட அவரை வரச் சொன்னது நீங்கள்தான் என்பதும் தெரியும். மழை பெய்தால் நம் வெம்பக்கோட்டைக் காட்டில் உங்கள் பைக் கரிசலில் புதைந்து நிற்கும். இந்த வண்டி உர மூட்டையோடு போகும். நானே ஓட்டிக் காட்டுகிறேன்.

சட்டியில் கருவாட்டுக் குழம்பு இருக்கிறது. பின்னறைச் சாவியைத் தேட வேண்டாம், என்னிடம் இருக்கிறது.

அழகுமீனா

ஜன்னலில் உள்ள பாட்டிலில் இருப்பது இன்ஜின் ஆயில். நல்லெண்ணெய் என்று தோசைக்கு ஊற்றிவிடாதீர்கள்.

இன்னொன்று. நான் கத்தினேன் என்பதற்காகக் கம்பெனியில் தண்ணீர் ஊற்றக் கையைச் சுருக்கிவிட வேண்டாம். நாளைக்கு மருந்தறைக்கு ஒரு வாளி கூடவே ஊத்துங்க.