சீர் கேட்டு வாங்கும் வீட்டுக்கு

3-3-89

ஆவடி பஸ் நிலையத்துக்கு எதிர்ச்சுவரில் இன்று எழுதி முடித்தார்கள். வெள்ளையடித்த சுவரில் நீல எழுத்து. ‘சீர் கேட்டு வாங்கும் வீட்டுக்கு எங்கள் பீரோவைக் கொடுக்காதீர்கள் — செல்வி ஸ்டீல் பீரோ, அம்பத்தூர்.’ வாசகம் என்னுடையது. விற்பனைப் பிரிவில் சம்பளம் வாங்கிக்கொண்டு ‘கொடுக்காதீர்கள்’ என்று எழுதிய ஆள் இந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முதலாளி பார்த்தசாரதி சொல்லித்தான் எழுதினேன். தை மாதம் அவருடைய தங்கை மகள் மாமியார் வீட்டில் ஸ்டவ் வெடித்துச் செத்துப்போனாள். வெடித்தது என்று அவர்கள் சொன்னார்கள். அந்த வீட்டுக்குச் சீராகப் போனதும் எங்கள் பீரோதான். காரியம் முடிந்து வந்தவர் என்னைக் கூப்பிட்டு, “லட்சுமணன், நம்ம சரக்கு எப்படிப்பட்ட வீட்டுக்குப் போகுதுன்னு நாம யோசிச்சதே இல்லையே” என்றார். அழுதுவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

14-3-89

பாராட்டு மழை. ஒரு பெண்கள் பத்திரிகையில் எங்கள் சுவரைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். கல்லூரிப் பெண்களிடமிருந்து கம்பெனிக்குக் கடிதங்கள். என் மகள் வனஜா அந்தப் பக்கத்தை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு எடுத்துப் போய், “எங்க நைனா எழுதினது” என்று எல்லோரிடமும் காட்டியிருக்கிறாள். அவள் அம்மா சொர்ணம்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். “பொண்ணுக்கு மாப்ள பாக்கற நேரத்துல இது தேவையா?” அவளுக்கு எதிலும் ஒரு குறை.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சேக்காட்டில் இருக்கும் வீட்டுக்கு வரும் வழியில் சுவரைப் பார்ப்பதற்காகவே சைக்கிளைச் சுற்றி விட்டேன்.

2-4-89

பூந்தமல்லியில் எங்கள் பீரோவை விற்கும் துலுக்கானம் கடைக்குப் போனேன். டீ கூட வாங்கித் தரவில்லை.

“ஏன் அண்ணாத்தே, உங்க மொதலாளிக்கு இன்னா ஆச்சு? கேட்டவனுக்கு உங்க பீரோவ குடுத்தா மூஞ்சில காறித் துப்புன மாதிரி கீதாம். கேக்காதவனுக்குக் குடுத்தா, நாங்க எப்போடா கேட்டோம்னு சண்டைக்கு வர்றான். அப்போ யாருதான் வாங்கறது?”

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் பேசும்போதே ஓர் அம்மாள் மகளுக்கு பீரோ பார்க்க வந்தாள். நான் எந்தக் கம்பெனி என்று தெரிந்ததும், “அந்தச் சொவத்த எழுதினது நீங்களா? படிச்சதும் வயித்துல பால வாத்த மாதிரி இருந்துச்சுப்பா. நல்லா இருப்பீங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு வேறு கம்பெனி பீரோவின் கதவைத் திறந்து உள்ளே லாக்கர் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தாள்.

19-4-89

அண்ணனூர் ஸ்டேஷன் பக்கத்துச் சுவரில் சாணி அடித்திருக்கிறார்கள். இன்னோர் இடத்தில் எங்கள் வாசகத்துக்குக் கீழே கரியில், ‘அப்போ சும்மா குடு.’ சிரித்துவிட்டேன். கம்பெனிக்குள் நுழைந்ததும் சிரிப்பு போய்விட்டது. விற்காத பீரோக்களால் கோடவுனில் நிற்க இடமில்லை.

9-5-89

வெல்டிங் பிரிவில் ஒரு ஷிப்டை நிறுத்திவிட்டார்கள். கேன்டீனில் நான் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து இரண்டு பேர் எழுந்து போனார்கள். முதலாளி மட்டும் அசையவில்லை. “இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம் லட்சுமணன். ஜனங்க மாறுவாங்க” என்கிறார். மாறுவார்களா?

4-6-89 ஞாயிறு

கோவில்பதாகையிலிருந்து வனஜாவைப் பார்க்க வந்தார்கள். பையன் குணசேகரன். ஆவடியில் அரசாங்க ஃபேக்டரியில் நிரந்தர வேலை, தலை குனிந்து பேசுகிறான். வனஜாவுக்குப் பிடித்துவிட்டது, முகமே சொன்னது.

அவன் அம்மா ஜெகதாம்பாள் போகும்போது வாசலில் நின்று சொன்னது: “நாங்க வாயத் தொறந்து எதுவும் கேக்க மாட்டோம். உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறத செய்யப் போறீங்க. பீரோ மட்டும் உங்க கம்பெனிது வேணாம் சம்பந்தி. எங்க சனம் மண்டபத்துல கை கொட்டிச் சிரிக்கும்.”

எவ்வளவு சுத்தமான பேச்சு. கேட்கவும் இல்லை, விடவும் இல்லை. அப்போதே ‘இந்த இடம் வேண்டாம்’ என்று சொல்லியிருக்கலாம். சொர்ணத்தைப் பார்த்தேன். வனஜாவைப் பார்த்தேன். “சரிங்கம்மா” என்றேன்.

22-7-89

ஆடி. கல்யாணப் பேச்சில்லாத மாதம் என்பதால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

23-8-89

எதை நினைத்துப் பயந்தேனோ அதுவே நடந்தது. எங்கள் கம்பெனியில் வேலை செய்பவர்களின் மகளுக்குக் கல்யாணம் என்றால் முதலாளி ஒரு பீரோ அன்பளிப்பாகத் தருவார். ஆரம்பத்திலிருந்து அப்படித்தான். இன்று என்னை ஷெட்டுக்கு அழைத்துப் போனார். இளம்பச்சை, ஆளுயரக் கண்ணாடி. அவரே பக்கத்தில் நின்று பெயின்ட் அடிக்க வைத்தாராம்.

“உங்க வீட்டுக்கு இதைத் தர்றதுலதான் எனக்கு ரொம்ப சந்தோஷம். கேட்காத வீட்டுக்குப் போகுது.”

வாய் வரைக்கும் வந்தது. எப்படிச் சொல்வது? ஷிப்டை நிறுத்தி, கடன் வாங்கி, அந்த ஒரு வாசகத்துக்காக நிற்கிற மனுஷனிடம் — என் சம்பந்திக்கே அது பிடிக்கவில்லை என்றா?

6-9-89

முதலாளி கொடுத்த பீரோ வீட்டுக்கு வந்துவிட்டது. இன்னொரு பீரோ வாங்க வழியில்லை. வாங்கினாலும் முதலாளி கல்யாணத்துக்கு வருவார், அவர் கொடுத்தது எங்கே என்று தேடுவார். சொர்ணம்தான் யோசனை சொன்னாள். “பேரு தகட்டக் கழட்டிட்டா எந்தக் கம்பெனின்னு யாருக்கு இன்னா தெரியும்?”

மத்தியானம் வனஜா கடைக்குப் போயிருந்த நேரத்தில் கழற்றினேன். இரண்டு ஸ்க்ரூ. ஓட்டை தெரியாமலிருக்க மேலே ஒரு லட்சுமி படத்தை ஒட்டினேன். கோணலாகத்தான் ஒட்டியிருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் கண்ணுக்குத் தகடு தெரியாது, முதலாளி கண்ணுக்கு பீரோ தெரியும். இரண்டு பக்கமும் சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

11-9-89

நேற்று வனஜா கல்யாணம் முடிந்தது.

மண்டபத்தில் சீர் பரப்பியிருந்த இடத்தில் பீரோ நின்றது. நம் ஜனங்கள் மணமக்களைப் பார்ப்பதற்கு முன்னால் சீரைப் பார்ப்பார்கள், சீரைப் பார்ப்பதற்கு முன்னால் தகட்டைப் படிப்பார்கள். இது எனக்குத் தெரியாதா? இதை வைத்துத்தானே இத்தனை வருஷம் பீரோ விற்றேன்? மாப்பிள்ளையின் தாய்மாமன் செங்கல்வராயன் நேராக வந்து, தகடு இருக்க வேண்டிய இடத்தில் இருந்த லட்சுமியை நகத்தால் கிளப்பினார். கீழே இரண்டு ஸ்க்ரூ ஓட்டை.

“பாரு மாமே, அந்தச் சொவத்துக்காரன் பீரோ! பேரக் கழட்டிட்டு நம்ம தலையில கட்டிகினு கீறாங்க!”

சிரிப்பு. ஜெகதாம்பாள் சிரிக்கவில்லை, அதுதான் மோசம். மணையில் உட்கார்ந்திருந்த வனஜா திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

அந்த நேரத்தில்தான் முதலாளி உள்ளே வந்தார். யாரும் அவரிடம் எதையும் விளக்கவில்லை. பீரோ பக்கம் போனார். தொங்கிக்கொண்டிருந்த படத்தை மெதுவாகத் திரும்ப ஒட்டி, விரலால் தேய்த்துவிட்டார். “பெயின்ட் நல்லா வந்திருக்கு” என்றார் என்னிடம். அட்சதை போட்டார். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், மோர் கேட்டு வாங்கினார். என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

18-9-89

“சுவரெல்லாம் வெள்ளையடிச்சிடச் சொல்லுங்க” என்றார் முதலாளி.

“சார், என்னால உங்களுக்கு—”

“உங்க மேல கோபமில்லை லட்சுமணன். எழுதின உங்களாலயே முடியலை. படிக்கிறவங்களை நான் என்ன சொல்ல?”

ஆவடிச் சுவருக்கு நான் போகவில்லை. ஆளை அனுப்பினேன்.

5-10-89

துலுக்கானம் மறுபடியும் சரக்கு கேட்டிருக்கிறார். புது விளம்பரம் வேண்டுமாம். ‘மங்கலச் சீருக்கு செல்வி பீரோ’ என்று எழுதிக் கொடுத்தேன். எழுத ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நிறுத்தின ஷிப்டைத் திரும்பத் தொடங்குகிறார்கள். கேன்டீனில் என் பக்கத்தில் உட்காருகிறார்கள்.

15-10-89

தலை தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. வனஜா இன்று காலை தனியாக வந்தாள். இளைத்திருக்கிறாள். காதில் பிளாஸ்டிக் தோடு. சொர்ணம்தான் கேட்டாள், கம்மல் எங்கேடி என்று.

“அத்தை வாங்கி பீரோவுல வச்சிருக்காங்க. பத்திரமா இருக்கட்டும்னாங்க.”

“சாவி?”

“அவங்க இடுப்புல.”

தீபாவளிக்கு என்ன செய்யப் போகிறோம் என்று அங்கே தினமும் பேச்சாம். யாரும் கேட்பதில்லையாம். ‘உங்க அப்பாவுக்குத் தெரியாததா’ என்று மட்டும் சொல்வார்களாம்.

சொர்ணம் சமையலறைக்குப் போன பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “உன்னக் கஷ்டப்படுத்தறாங்களா? எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லும்மா” என்றேன்.

அவள் குரலில் கோபம்கூட இல்லை.

“சொன்னா இன்னா பண்ணுவ நைனா? சொவத்துல எழுதுவியா?”

சாயங்காலம் அவளை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் கோவில்பதாகையில் விட்டு வந்தேன். ஜெகதாம்பாள் காபி கொடுத்தாள். குடித்தேன்.